கழுத்திலா, காலிலா

என் தங்கச்சியின் இதயத்துக்குள் கழுத்து வழியாகப் போவதா, தொடை வழியாகப் போவதா என்பது ஒருநாள் டாக்டரிடம் பேச்சில் வந்தது. அவள் விருப்பம் எது என்று அவர் கேட்டார். அவளுக்காக நான் பதில் சொன்னேன். அவள் எனக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் இங்கிலீஷில் கேட்டார், நானும் இங்கிலீஷிலேயே சொன்னேன். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிஷம்கூட இருக்காது. இதை எழுத நான் பல தடவை உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் என்னைக் கொஞ்சம் நல்லவனாக்கி எழுதிவிட்டுக் கிழித்துப் போட்டேன். இந்தத் தடவை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

நாங்கள் ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். அப்பா தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்தார். அவர் இறந்த பிறகு தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மா, தங்கச்சி, நான் மூவரும் ஹாலிஎல டவுனுக்குப் பக்கத்தில் வாடகைக்கு வந்தோம். நான் பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். தங்கச்சி என்னைவிட ஏழு வயது இளையவள். அப்பா வேலை செய்த தோட்டத்திலேயே முன்பள்ளி நடத்திக்கொண்டிருந்தாள். காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற இடத்துக்குப் போகிற பெண்கள் பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டு மலைக்கு ஏறுவார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவளுக்கு மேடு ஏற முடியாமல் போனது. பாதி வழியில் நின்று தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவாள். பனி ஒத்துக்கொள்ளவில்லை, இழுப்பு என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். பிறகு கால் வீங்கியது, படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் தலையணையைச் சாய்த்துவைத்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். கொழும்பில் ஒரு டாக்டர்தான் உண்மையைச் சொன்னார். இதயத்தின் தசை தளர்ந்து, காற்றுப் போன பந்து மாதிரி ஆகிவிட்டதாம். காரணம் தெரியாது. வேறு இதயம் வைக்க வேண்டும், அது இந்த நாட்டில் இன்னும் செய்வதில்லை என்றார்.

அம்மாவின் தம்பி குடும்பம் எழுபதுகளில் கப்பலேறித் திருச்சிக்குப் போனது. அங்கே மாமா லாரி வைத்து முன்னுக்கு வந்திருந்தார். அவர்தான் அலைந்து திரிந்து சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியைப் பிடித்தார், உதவி செய்ய ஆட்களையும் பிடித்தார். நாலு மாதம் காத்திருந்தோம். ரோட்டில் அடிபட்ட ஓர் இளைஞனின் இதயம் என்பதற்கு மேல் எங்களுக்கு எதுவும் சொல்லவில்லை. ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் அவளுடைய நகத்தைப் பார்த்தேன். ஒரு வருஷமாக ஊதா நிறத்தில் இருந்த நகம் ரோஜா நிறமாகியிருந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். அந்த அழுகையில் கலப்படம் இல்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

மாற்று இதயம் வைத்தவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. உடம்பு அதை அந்நியம் என்று கண்டுகொண்டு உள்ளுக்குள்ளேயே தாக்க ஆரம்பிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. காய்ச்சலோ வலியோ இருக்காது. தாக்குகிறதா இல்லையா என்று அறிய, இதயத்தில் இருந்தே சின்னச் சின்னத் துண்டுகள் எடுத்துப் பார்க்க வேண்டும். பயாப்ஸி என்பார்கள். முதல் மாதம் வாரத்துக்கு ஒன்று, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதம் ஒன்று.

மயக்கம் கொடுக்க மாட்டார்கள். தலையை இடது பக்கம் திருப்பிப் படுக்கவைத்து, முகத்தின் மேல் பச்சைத் துணியைப் போட்டு, கழுத்தின் வலது பக்கத்தை மரத்துப்போக வைப்பார்கள். மெல்லிய ஊசியால் இரத்தக் குழாயைத் தேடிப் பிடித்து, அதன் வழியே ஒரு கம்பியும், கம்பியின் மேல் ஒரு குழாயும் உள்ளே போகும். குழாய்க்குள் நீளமான இடுக்கி. அதன் நுனியில் எறும்பு வாய் மாதிரி ஒன்று திறந்து மூடும். எக்ஸ்ரேயில் பார்த்தபடி இதயத்தின் உள்சுவரில் கடுகைவிடச் சின்னதாக நாலைந்து துண்டு எடுப்பார்கள். கழுத்தின் வலது பக்கத்திலிருந்து இதயத்துக்கு நேர் ரோடு என்று டாக்டர் ஒரு காகிதத்தில் கீறிக் காட்டினார். குழாயை உருவிப் பத்து நிமிஷம் அழுத்திப் பிடித்தால் போதும், எழுந்து உட்காரலாம்.

தங்கச்சி அதற்குப் பழகிவிட்டாள். வலியே இல்லை, உள்ளேயிருந்து யாரோ சட்டையைப் பிடித்து மெல்ல இழுப்பதுபோல இருக்கும், ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் நெஞ்சு ஒரு துடிப்பைத் தவறவிடும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். முடிந்த அரைமணி நேரத்தில் டீ கேட்பாள். கழுத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டர் மட்டும் இருக்கும்.

ஏழெட்டு மாதம் கழித்து ஊருக்கு வந்தோம். அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய்வந்தால் போதும் என்றார்கள். வந்தபோது அவள் கழுத்தில் வரிசையாகக் கரும்புள்ளிகள் இருந்தன. கடைசித் தடவை இரத்தம் கசிந்திருந்ததால் காதுக்குக் கீழே மஞ்சளும் நீலமுமாக ஒரு கறையும் இருந்தது. மருந்தால் முகம் உப்பியிருந்தது. அவள் அதை ஒன்றும் மறைக்கவில்லை. முடியை ஒதுக்கிப் பின்னல் போட்டுக்கொண்டு பழையபடி பஸ் ஏறினாள்.

பேச்சு என் காதுக்கு வர ஒரு மாதம் ஆனது. தோட்டத்தில் ஒரு சாவு வீட்டில் யாரோ சொன்னார்களாம், டீமேக்கர் மகள் இந்தியாவில் தூக்குப் போட்டுக்கொண்டாள், காப்பாற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று. இன்னொருத்தி, ஏதோ காதல் விவகாரமாம் என்றாளாம். எங்கள் பக்கத்தில் கழுத்தில் தழும்பைக் கண்டால் சனங்கள் முதலில் நினைப்பது அதைத்தான். அப்படி நடக்காத லயம், தோட்டத்து வீட்டு வரிசை, அபூர்வம். தங்கச்சிக்கும் அந்தப் பேச்சு எட்டியிருந்தது. அவள் முன்பள்ளிக்கு வந்த தாய்மாரைக் கூப்பிட்டு நடந்ததை அப்படியே விளக்கியிருக்கிறாள். பாதிப் பேர் நம்பினார்கள், பாதிப் பேர் நம்பவில்லை. அத்தோடு அவள் அதை விட்டுவிட்டாள்.

என்னால் விட முடியவில்லை. அதற்கு நான் வெளியே சொல்லாத ஒரு காரணம் இருந்தது. என்னோடு படிப்பித்த ஓர் ஆசிரியையை நான் விரும்பினேன். அவளுக்கும் விருப்பம். அவள் வீட்டார், தங்கச்சியை முதலில் ஓர் இடத்தில் கொடுத்துவிட்டு வாங்க என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயதாகியிருந்தது. தங்கச்சியின் கழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் கல்யாணம் தள்ளிப்போவது எனக்குத் தெரிந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது.

அடுத்த தடவை சென்னை போனபோது அந்த ஐந்து நிமிஷம் வந்தது. டாக்டர் கேரளக்காரர். தமிழ் அரைகுறையாகத்தான் பேசுவார், ஆகவே எப்போதும் என்னோடு இங்கிலீஷில் பேசுவார். இனிமேல் கழுத்தில் எடுக்காமல் வேறு வழியில் எடுக்க முடியுமா என்று கேட்டேன். தொடை இடுக்கில் உள்ள குழாய் வழியாகவும் போகலாம், ஆனால் கழுத்துக் குழாய் நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு என்றார். காலில் எடுத்தால் மணிக்கணக்காகக் காலை நீட்டியபடியே அசையாமல் படுத்திருக்க வேண்டும், இரத்தம் கட்டவும் கூடும் என்று விளக்கினார்.

கல்யாண வயசுப் பெண், கழுத்தில் தழும்பு இருந்தால் எங்கள் ஊரில் கஷ்டம் என்றேன்.

அவர் அவளுடைய ஃபைலைப் புரட்டினார். பிறகு, இது அவளுடைய விருப்பமா என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். தலையைக்கூட அவள் பக்கம் திருப்பவில்லை.

அவராகவே அவளைப் பார்த்து, "காலில் எடுக்கலாம். ஓகேவா?" என்று தன் தமிழில் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள்.

அதன் பிறகு ஒன்றரை வருஷத்தில் ஐந்து தடவை காலில் எடுத்தார்கள். முன்பு சிரித்துக்கொண்டு வெளியே வந்தவள் இப்போது கண்ணை மூடியபடி தள்ளுகட்டிலில் வந்தாள். தொடை இடுக்கில் மணல்மூட்டை வைத்திருப்பார்கள். அரைநாள் அந்தக் காலை மடக்கக் கூடாது. சிறுநீருக்கும் கட்டிலிலேயே தட்டு வைக்க வேண்டும். அதற்கு அஞ்சி அவள் முதல்நாள் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். பிரயாணத்தில் நான் போத்தலை நீட்டினால் வேண்டாம் என்பாள். ஏன் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாளே என்ற பயம்.

மூன்றாவது தடவை இரத்தம் கட்டிவிட்டது. தொடை முழுக்கக் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி, இரண்டு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தது. ஹாலிஎல ஸ்டேஷன் படியில் அவள் ஒரு கையால் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்கினாள். அம்மா கேட்டதற்குச் சுளுக்கு என்று நான் சொன்னேன். தங்கச்சி மறுக்கவில்லை. கழுத்தின் கறை அதற்குள் மறைந்திருந்தது. புள்ளிகள் மட்டும் வெளுத்துத் தெரிந்தன. எனக்குத் திருப்தியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பண்டாரவளையில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் தபால் கந்தோரில் வேலை. தாய் தகப்பன் இல்லை. அவனை வளர்த்தது அக்காதான், அவர் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தரகரிடம் நான் சொல்லியனுப்பியது இதுதான்: சின்ன வயதில் நெஞ்சில் ஓர் ஓட்டை இருந்தது, ஆபரேஷன் பண்ணிச் சரியாகிவிட்டது. வீட்டிலும் அம்மாவிடம் அப்படியே சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சரி என்றார். தங்கச்சியிடம் நான் ஒன்றுமே சொல்லவில்லை. யாரோ தெரிந்தவர்கள் வருகிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அவள் என்ன குழந்தையா, தெரியாமல் இருக்க.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அக்காவும் தம்பியும் வந்தார்கள். தங்கச்சி டீ கொண்டுவந்தாள். மருந்தினால் அவள் கை எப்போதும் லேசாக நடுங்கும், கோப்பைகள் தட்டில் கலகலத்தன. நர்ஸ் அந்தக் கையைப் பார்த்தார். உப்பிய கன்னத்தைப் பார்த்தார். பிறகு கழுத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் டீயைக் கீழே வைத்துவிட்டு, நானும் குசினிப் பக்கம் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று எழுந்து அவள் பின்னால் போனார். தம்பிக்காரன் என்னிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டான். நான் ஏதோ பதில் சொன்னேன். உள்ளே இருவரும் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. மாத்திரைப் பெட்டியைத் திறந்து மூடும் சத்தமும் கேட்டது.

கால்மணி நேரத்தில் நர்ஸ் வெளியே வந்தார். முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். தம்பியை முற்றத்தில் போய் நிற்கச் சொல்லிவிட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"சேர், தங்கச்சி எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. ஒண்ணும் மறைக்கல. நீங்க எங்ககிட்ட பொய் சொன்னத விடுங்க, கல்யாண வீட்டுல எல்லாரும் சொல்றதுதான். இந்த மருந்து சாப்பிடுற புள்ள வயித்துல ஒண்ணு உண்டானா அவங்களுக்கு என்ன ஆகும்னு டாக்டர் உங்களுக்குச் சொல்லலீங்களா?"

சொல்லியிருந்தார். ஊருக்குத் திரும்பும்போதே தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அந்த இதயம் பிரசவத்தைத் தாங்குவது சந்தேகம், மருந்துகளில் ஒன்று குழந்தைக்கு ஆகாது, கல்யாணம் என்று வந்தால் இரண்டு பேரையும் அழைத்துவாருங்கள், நானே பேசுகிறேன் என்று. அதை நான் அம்மாவிடமும் சொல்லவில்லை, தங்கச்சியிடமும் சொல்லவில்லை. நர்ஸுக்கு நான் ஆமாம் என்று தலையைத்தான் ஆட்டினேன். கிளம்பும்போது தங்கச்சியின் கையைப் பிடித்துப் பேசிவிட்டுத் தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். எங்களைப் பற்றி அவர் வெளியே ஒரு வார்த்தை பேசியதாக இன்றுவரை நான் கேள்விப்பட்டதில்லை.

பொழுது சாய்கிற நேரம். தங்கச்சி கொடியில் இருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். ஏன் அவரிடம் சொன்னாய் என்று கேட்கத்தான் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. அவள் என்னைப் பேச விடவில்லை.

"அண்ணே, அன்னைக்கு டாக்டர்கிட்ட நீங்க இங்கிலீஷ்ல பேசுனீங்கள்ல. அதுல எனக்கு வெளங்குனது ஒரே ஒரு வார்த்தை. மேரேஜ். காலுல எடுக்கலாமானு அவரு கேட்டப்ப, நீங்க பேசி முடிச்சதுக்கு நான்தான் தலையாட்டணும்னு தெரிஞ்சிச்சு."

அப்போதே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்றேன். அதைச் சொன்ன வாய் இப்போதும் எனக்கு இருக்கிறது.

அவள் ஒரு சட்டையை உதறி மடித்தாள். "எத்தனை ஆம்பளைங்க நிக்கிற ரூம்ல துணிய வெலக்கிப் படுத்திருக்கேன்னு உங்களுக்குத் தெரியுமா? அவங்க மேல தப்பில்ல. அவங்க வேலைய அவங்க செய்யிறாங்க. கழுத்துல எடுத்தப்ப நான் பயப்படவே இல்ல, அண்ணே. எவளோ என்னமோ சொன்னதுக்காக நீங்க என்னைய அங்க படுக்க வச்சீங்க."

துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் வெறும் கொடிக்குப் பக்கத்தில் நின்றேன். அம்மா குசினி ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அன்றைக்கு என் சோற்றைத் தட்டில் போட்டு மூடிவைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

அடுத்த தடவையும் நான்தான் கூட்டிப்போனேன். டாக்டர் வழக்கம்போல என்னைப் பார்த்து இங்கிலீஷில் ஆரம்பித்தார். தங்கச்சி குறுக்கிட்டு, "டாக்டர், இந்தத் தடவை கழுத்துல எடுங்க. இனிமே எப்பவும் கழுத்துலதான்" என்று நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். அவர் பேனாவை மூடி வைத்தார். அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஆச்சரியம் இல்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன்பே அவருக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு தன் அரைகுறைத் தமிழில் அவளோடு பேச ஆரம்பித்தார். பிள்ளைப்பேற்றைப் பற்றியும் பேசினார். அது அவளுக்கு நர்ஸ் மூலம் ஏற்கனவே தெரிந்திருந்தது. நான் அந்த அறையில் ஒரு பையைப் போல இருந்தேன்.

கழுத்தை ஸ்கேன் கருவியால் தடவிப் பார்த்து, குழாய் திறந்தே இருக்கிறது, பயமில்லை என்றார்கள். அத்தனை தடவை குத்தினால் சிலருக்கு அது சுருங்கிவிடுமாம். இருபது நிமிஷத்தில் வெளியே வந்து டீ கேட்டாள். என்னிடம் அல்ல, அங்கிருந்த ஆயாவிடம்.

அந்தக் கல்யாணப் பேச்சு அத்தோடு நின்றது. தங்கச்சி கல்யாணமே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். சொன்னவள், என் விஷயத்தை அம்மா மூலம் தெரிந்துகொண்டு, தானே பதுளைக்குப் போய் அந்த ஆசிரியையின் வீட்டில் பேசினாள். எங்க அண்ணனை எனக்காகக் காக்க வைக்காதீங்க என்றாளாம். கழுத்துத் தழும்பைக் காட்டி, இது என்ன என்றும் விளக்கியிருக்கிறாள். ஆறு மாதத்தில் எனக்குக் கல்யாணம் நடந்தது. அவள் எனக்குச் செய்ததிலேயே என்னால் தாங்க முடியாதது அதுதான். மணவறையில் அவள் எனக்குப் பின்னால் நின்றபோது நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு தடவைதான் பயாப்ஸி. அதற்கு என்னைக் கூட்டிப்போகவில்லை. பண்டாரவளை நர்ஸ் லீவு போட்டுக்கொண்டு அவளோடு போனார். இருவரும் சினேகிதிகள் ஆகியிருந்தார்கள், வாரத்தில் இரண்டு நாளாவது போனில் பேசுவார்கள். உங்களுக்குப் பள்ளிக்கூடம் இருக்கே அண்ணே, எதுக்குச் சிரமம் என்று தங்கச்சி சொன்னாள். அவள் குரலில் குத்தல் இல்லை. நான் வற்புறுத்தவும் இல்லை, எனக்கு அந்த உரிமை போய்விட்டது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் ஒரு காலையில் அவளைக் கொழும்பு ரயிலில் ஏற்றிவிடப் போனேன். நர்ஸ் பண்டாரவளையில் ஏறிக்கொள்வதாக ஏற்பாடு. தங்கச்சி அவருக்காகப் பக்கத்தில் ஒரு சீட் பிடித்துக் கைப்பையைப் போட்டிருந்தாள். ரயில் புறப்பட இரண்டு மூன்று நிமிஷம் இருந்தது. அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று வீட்டிலிருந்தே தீர்மானித்து வந்திருந்தேன். நான் செய்தது பெரிய தப்பு, எனக்காகத்தான் செய்தேன், உனக்காக இல்லை என்று வழி நெடுக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன். அவள் குனிந்து என்ன என்று கேட்டாள்.

பனியாக இருக்கிறது, ஜன்னலைச் சாத்திக்கொள் என்றேன்.

"சரிண்ணே," என்றாள். சாத்தவில்லை. ரயில் நகர்ந்தபோது கையை வெளியே நீட்டி அசைத்துவிட்டு, உள்ளே திரும்பி யாரிடமோ பேசத் தொடங்கினாள்.

தங்கச்சி இருக்கிறாள். முன்பள்ளியில் இப்போது நாற்பது பிள்ளைகள். அவள் கழுத்தில் புள்ளிகளை எண்ணிப் பார்த்து எண் படித்த பிள்ளைகளும் உண்டு என்று என் மனைவி சொல்லிச் சிரிப்பாள். நான் அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விடுவேன். இன்னும் நான் அவளிடம் சொல்லவில்லை. இதை அவள் படிக்கக்கூடும். படித்தாலும் நேரில் சொல்ல வேண்டியது அப்படியே பாக்கி நிற்கிறது.